நடக்கத் தெரியாத பிள்ளை என்று சொல்லி வைத்திருந்தோம்

இன்று காலை ஏழு மணிக்கு, ஆயாக்கொட்டகை வாசலில் எங்கள் பொய் பிடிபட்டது!

வாசகசாலையின் இந்தக் குறிப்பேட்டில் ரயில் நேரமும் கூட்ட அறிவிப்பும்தான் எழுதுவேன். இன்று சொந்த விஷயம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி மங்களம், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் டீச்சர். நான் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கக் காலையிலேயே குளுவாங்குக்கு ரயிலேறிவிடுகிறவன்.

மகன் முத்துவுக்குப் பதினாறு மாதம். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற அதே ஆயாக்கொட்டகையில்தான் அவனும் மதியம்வரை இருக்கிறான். பார்த்துக்கொள்கிறவர் ஆயா அஞ்சலை.

அங்கே எட்டுத் தொட்டில்கள். எட்டும் உத்தரத்தில் கட்டிய பழைய சேலைகள்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தொட்டில் கிடையாது என்பது கொட்டகைச் சட்டம். சுவரோரப் பலகையில் மற்றப் பிள்ளைகளோடு படுக்க வேண்டும். தூங்காமல் அழுதால், தாயைக் கூப்பிட ஆள் வரும்.

மரம் வெட்டுகிறவளாவது பக்கத்து மர நிரையில் வெட்டுகிறவளிடம் சொல்லிவிட்டு ஓடி வரலாம். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர் எங்கே ஓடுவது? நாலு நாள் பள்ளியைப் பூட்டினால் தோட்டத்துத் துரை வேறு ஆள் பார்த்துவிடுவார்.

வீட்டில் கட்டிலில் போட்டுப் பழக்கிப் பார்த்தோம். முத்து இறங்கிப் போய்த் தொட்டிலுக்கு அடியில் நின்று இரண்டு கையையும் தூக்குவான். தூக்கிப் போடும்வரை அழுகை. ஒரு மதியம் முக்கால் மணி நேரம் அழுதான். (கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.)

அதனால் மங்களமும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம்.

முத்துவுக்கு நடக்கத் தெரியாது!

மூன்று மாதமாக அவனைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே சுமந்து கொண்டுபோய்த் தொட்டிலில் போட்டேன். பதினெட்டு காத்தி, அதாவது இருபத்துநாலு ராத்தல் எடை. நிறுத்தும் பார்த்தாகிவிட்டது.

மதியம் அழைத்துவரப் போகும்போதெல்லாம் அஞ்சலை மங்களத்திடம் ஒரே கேள்வி கேட்பார். வீட்டில் இன்னும் நடக்கவில்லையா? இவள் தலைகுனிந்துகொண்டு இல்லை என்பாள். ஆயாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள். போன ஞாயிற்றுக்கிழமை, துரைக்கு ராஜினாமாக் கடிதமே எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டாள். பிடிபடுவதற்குமுன் நாமே விலகிவிடலாம் என்பது அவள் கணக்கு.

இன்று காலை வாசலில் நின்று ஸ்டேஷன் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்து இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான்.

இறங்கியவன் ஓடினான். தொட்டில் பக்கம் திரும்பவே இல்லை. பலகையில் ஏறி, இன்னும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

அவனுடைய தொட்டிலில் யாரோ ஒரு கைக்குழந்தை கிடந்தது.

அஞ்சலை கையைத் தட்டினார். "ஐயா, பாத்தீங்களா! புள்ள நடக்குறான்!"

அந்தச் சந்தோஷம் கொஞ்சம் நாடகமாகப் பட்டது. இருந்தாலும், இதற்குமேல் மறைக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் நடந்து மூன்று மாதம் ஆகிறது என்றேன். தொட்டில் போய்விடும், டீச்சர் வேலையும் போய்விடும் என்ற பயத்தையும் சொன்னேன்.

அவர் அந்தக் கைக்குழந்தையின் தொட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டார்.

"அட போங்கய்யா. நீங்க ரெண்டு பேரும் பாக்கலேன்னுல்ல நான் நெனச்சேன்."

எதை என்றேன்.

"மொத அடிய. வேலைக்குப் போற தாய். நான் முந்திப் பாத்துட்டேன்னு சொன்னா டீச்சரம்மா மனசு என்ன ஆகும்? வீட்ல அவங்க கண்ணால பாக்கட்டும்னு வாயத் தொறக்கல. அதான் தெனமும் கேட்டேன், நடந்தானா நடந்தானான்னு."

எங்கள் திட்டத்தின் ஓட்டை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் விட்டுவிட்டுப் போனபிறகு, 'நடக்காதே' என்று முத்துவிடம் யார் சொல்வது?

பலகையில் எத்தனை நாளாகத் தூங்குகிறான் என்று கேட்டேன்.

"இருவது நாளு. தொட்டில்ல போட்டா எறங்கிடுறான். ஒட்டிப் படுக்க ஒரு முதுகு இருந்தாப் போதும், அசந்துடுறான்."

வீட்டுக் கட்டிலில் நாங்கள் வைக்காமல் விட்டது அந்த முதுகைத்தான்!

நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ரயில் போய்விட்டது. (நாளைய பத்திரிகையில் குளுவாங் செய்தி இல்லாவிட்டால், காரணம் இதுதான்.)

மங்களம் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தாள்.

மதியம் தேநீர் போட அந்தக் கடிதத்தில்தான் அடுப்பு பற்றவைத்தேன்.

சாப்பிட்டபின் அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். முத்து ஒருதரம் தொட்டிலைப் பார்த்தான், ஒருதரம் அவள் முதுகைப் பார்த்தான். ஏறிப் படுத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தூங்கிவிட்டான்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறித் தொட்டிலை அவிழ்த்தேன். மூன்று மாதத்தில் இன்றுதான் என் இடுப்பு வலிக்கவில்லை.

உங்கள் வீட்டில் தொட்டிலை எப்படி நிறுத்தினீர்கள்? கீழே பென்சிலால் எழுதுங்கள். எங்களைப்போல் பொய் சொன்னவர்கள் இருந்தால், பெயர் போட வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது, மங்களம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

"ஆயா எப்பப் பாத்தாங்களாம், அந்த மொத அடிய? நம்ம பாத்ததுக்கு முந்தியா, பிந்தியா?"

இருபது வருடமாக 'எப்போது' என்று கேட்காமல் நான் ஒரு செய்தியும் எழுதியதில்லை.

"கேக்கல," என்றேன்.

"கேக்காதீங்க," என்றாள்.