வத்தேகம விரிப்புக்கு எது ஊர்?

காலை 7.40க்குக் கண்டியில் பஸ் ஏறினேன். வத்தேகம பதின்மூன்று கிலோமீட்டர், எழுபது ரூபாய். கொழும்பில் நடக்கவிருக்கும் கைத்தறிக் கண்காட்சிக்குத் துணி தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரியான உனக்குக் கண்டித் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

8.30. சந்தையடியிலிருந்து முச்சக்கரவண்டியில் இரண்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருந்த நெசவாளர் ராஜேஸ்வரியின் வீட்டு முன்னறை முழுக்கத் தறிதான். கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலியாணமாகி இங்கே வந்து, பக்கத்துச் சிங்கள வீட்டில் நெசவு பழகியவர். அவருடைய மேசைவிரிப்புகளில் யானையும் அன்னமும் நூல் நூலாக எழும்பி நின்றன. கண்ணை எடுக்க முடியவில்லை.

"கதிரையில உக்காருங்க மிஸ். முப்பது விரிப்பு, நாலு மாச வேலை. எடுத்துக்குவாங்களா?"

நான் நிரப்ப வேண்டிய கண்காட்சி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். முழுக்க உள்ளூர்த் தயாரிப்பா? இல்லையென்றால் கண்காட்சியில் இடமில்லை.

"நூல் எங்கையிருந்து வருது?" என்றேன்.

"இந்தியாவுலருந்து. சாயம் போட்டே வந்துரும்."

ஒரு காலத்தில் இந்த மலைப்பக்கம் பருத்தி விளைந்தது, வீட்டிலேயே நூற்றார்கள். வெள்ளைக்காரன் மில் துணியை மலிவாகக் கொண்டுவந்து இறக்கினான். தறிகள் ஓய்ந்தன. மலையில் கோப்பி ஏறியது, பிறகு தேயிலை. இப்போது உள்ளூர் நூலுக்கு இவர் எங்கே போவார்? "இல்லை" என்று எழுதினால் நாலு மாத உழைப்பு அலுமாரிக்குள் கிடக்கும். "ஆம்" என்றால் பொய். பேனாவைத் திறந்தேன், மூடினேன். எரிச்சல் வந்தது, யார் மேல் என்றுதான் விளங்கவில்லை.

"என்ன மிஸ் யோசிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க பூட்டனையும் வெள்ளைக்காரன்தான் தோட்ட வேலைக்கு அங்கருந்து கூட்டிட்டு வந்தான். எங்கள இன்னும் இந்தியாக்காரங்கன்னுதான் சொல்றாங்க. என்னைய என்னன்னு எழுதுவீங்க?"

"நீங்க இந்த ஊர்தானே, ராஜேஸ்வரி."

"அப்ப அந்த நூல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஆம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

11.15க்குத் திரும்பும் பஸ். அது பொய்யா, உண்மையா, இப்போதும் குழப்பம்தான். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாக்காரர் என்று எங்கள் யாழ்ப்பாணத்திலும் சொல்லுவோம். நானே சொல்லியிருக்கிறேன்.