வீட்டு எண்ணில் ஒரு சாய்கோடு

நான் ஒரு அரைவேக்காடு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். உச்சிப்புளியில் மச்சானின் ஜெராக்ஸ் கடைக்கு வலியப் போய் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஸ்கேன் செய்கிற தாள்களை ஊர், வீட்டு எண், பெயர் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அதுவே போட்டு வைக்கும். மூன்றையும் நடுவில் சாய்கோடு (/) வைத்து ஒட்டினால் பாதை தயார்; ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் கம்ப்யூட்டர் ஒரு ஃபோல்டர் உள்ளே போகும். தேடித் தருகிற பகுதியை எழுதவில்லை. சோம்பல். திறந்து பார்த்தால் தெரியாதா என்ன?

அந்தப் பாதைகளை எழுதும்போது எனக்குள் ஒரு பஸ் ஓடும். ராமநாதபுரம், சாய்கோடு, உச்சிப்புளி, சாய்கோடு, மண்டபம். ஒவ்வொரு சாய்கோடும் கச்சான் காற்றில் சாய்ந்த ஒரு பனை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எழுதின மாதிரிதான் எழுதினேன். புரோகிராமும் அப்படித்தான் இருந்தது.

போன ஆடியில் ஒரு மத்தியானம், மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா வந்தார். மகளுக்கு ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. நகலையாவது ஐந்து மணிக்குள் கொண்டு வந்தால்தான் இடம் நிற்கும் என்று சொல்லிவிட்டார்களாம். நகல் என்று உலகத்தில் இருந்தது எங்கள் கடை ஸ்கேன் ஒன்றுதான்.

"வீட்டு நம்பர் சொல்லுங்கக்கா."

"நாலு பை பதினேழு."

மண்டபத்தைத் திறந்தேன். நூறு வீடாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதே ஃபோல்டர். 1, 2, 3 என்று மொட்டையாக நின்றன. 4/17 இல்லை. பை போட்ட வீடு ஒன்றுகூட இல்லை.

மச்சான் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மொத்த ஊரையும் முழுங்கிட்டியா?"

அக்கா துணிப்பையின் காதை முறுக்கினார். "இருக்கோ தம்பி?"

"இருக்குக்கா. இங்கனதான் எங்கனயோ இருக்கு."

மேலே கடற்படை விமானம் ஒன்று சோம்பலாக இரைந்துகொண்டு போனது. வெளியே வெயிலில் ரோடு தண்ணீர் மாதிரி நெளிந்தது. பதறவேண்டிய நேரத்தில் என் புத்தி வழக்கம்போல வெளியே நடந்துவிட்டது. முகாமுக்குள் போகிறேன், உப்புக் காற்று, கொடியில் பாவாடைகள், எந்தக் கதவிலும் எண் இல்லை...

"அக்கா, உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?"

"நாலாம் வரிசைக்குள்ள வந்து பதினேழாவது கதவு. ஏன், இப்ப வீட்டுக்கு வரப்போறீங்களோ?"

நான் 4-க்குள் போனேன். உள்ளே வரிசையாக வீடுகள். 17-ஐத் திறந்தேன். மகளின் பெயர். அதற்குள் சான்றிதழ், ஓரத்தில் டீக்கறையோடு, பத்திரமாக.

அவர் வீட்டு எண்ணில் இருந்த சாய்கோட்டையும் நான் போட்ட சாய்கோடு என்றே கம்ப்யூட்டர் நினைத்திருக்கிறது. என் முட்டாள்தனம் முகாமின் வரைபடத்தை அப்படியே கட்டி வைத்திருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வரிசை ஒரு ஃபோல்டர், வீடு அதற்குள் ஒரு ஃபோல்டர் என்று கைகளை விரித்து அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தேன். பனைமரம் வரை வந்துவிட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பஸ் வருது, பிரிண்டைத் தாங்கோ."