ஒருத்தரும் சாகேல்லை

ஒக்லாந்துத் தமிழர்களுக்குள் இரண்டு குணரத்தினங்கள் இருக்கிறார்கள். ஒருவர் பல்வைத்தியர். மற்றவரைச் ‘செத்தவீட்டுக் குணரத்தினம்’ என்று சொன்னால்தான் ஆளை விளங்கும். முகத்துக்கு நேரே ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அது அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வயது அறுபத்தெட்டு. வீடு லின்ஃபீல்டில். இருபத்திரண்டு வருடம் ஒரு பேக்கரிக்குப் பாண் வேன் ஓட்டி ஓய்வெடுத்தவர். பட்டம் வந்தது வேனால் அல்ல, ரெலிபோனால். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மகனைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருந்த ஒரு தகப்பன் மூன்றாம் கிழமையே கண்ணை மூடிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு ஒக்லாந்தில் ஒரு குஞ்சு குருமனைக்கூடத் தெரியாது. குணரத்தினம் தன் ரெலிபோன் நம்பர்க் கொப்பியை எடுத்து நாற்பத்துமூன்று வீடுகளுக்கு அழைத்தார். நாற்பது வீட்டார் வந்தார்கள். அன்றிலிருந்து யார் செத்தாலும் முதல் அழைப்பு அவருக்கு வரும், மிச்ச அழைப்புகள் எல்லாம் அவரிடமிருந்து போகும்.

வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தாரோடு பழகாதவர்கள். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் கோபம் ஒரு வருடத்தில் ஆறும். செத்தவீட்டுக்குச் சொல்லாமல் விட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். குழுவில் வருவது செய்திதான், அது சொன்னதாகாது. வீடு வீடாக, வாயால் சொல்லவேண்டும்.

குணரத்தினம் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சுகமோ என்று கேட்கமாட்டார். சுகம் விசாரித்துவிட்டு அடுத்த வாயில் சாவைச் சொல்வது அழகில்லை என்பது அவர் கட்சி. “நான் குணரத்தினம் கதைக்கிறன்” என்பார். ஒரு மூச்சு விடுவார், மறுபக்கம் கதிரையில் இருக்க அவகாசம் வேண்டுமே. பிறகு பெயர், ஊர், யாருடைய தகப்பன் அல்லது தாய், கிரியை எந்த நாள், எத்தனை மணிக்கு. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பெயரையும் பிழையாகச் சொன்னதில்லை.

போன மாசியில் ஒரு சவப்பெட்டி தூக்கும்போது அவருக்கே நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தகனினியில் இருக்கும் மகள் நிசாந்தினி பார்மசிஸ்ட். மாத்திரைப் பெட்டியோடு வந்து நின்று சட்டம் போட்டாள்.

“போதும் அப்பா. ஆற்றையோ செத்தவீட்டிலை நீங்கள் சாகப் போறியளோ?”

“சொல்லுற வேலைதானே பிள்ளை. போனிலைதானே.”

“சொல்லவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அந்தக் கொப்பியைத் தமிழ்ச் சங்கத்திலை குடுங்கோ.”

கொப்பி சங்கச் செயலாளர் திலக்சனிடம் போனது. குணரத்தினம் வீட்டில் இருந்தார். ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும், ஆனால் எழும்ப ஒரு காரணமும் இருக்காது. ஒன்பது மணிவரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எழும்பினால் சம்பலில் உப்பு, பத்மாவதி குசினிக் கதவைச் சாத்திய விதம், அயல் வீட்டுப் பூனை என்று எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பார். இரண்டு மாதத்தில் பத்மாவதியே மகளுக்கு அழைத்து, “இந்த மனுசனை எங்கையாவது கொண்டுபோய் விடு” என்றாள்.

நிசாந்தினி கொண்டுபோய் விட்ட இடம் ஜப்பானிய வாழ்க்கைமுறை வகுப்பு. புதன்கிழமைக் காலைகளில், பக்கத்துப் புளொக்ஹவுஸ் பே மண்டபத்தில், கெய்கோ என்ற ஒகினாவாப் பெண்மணி நடத்தினார். அவருக்கு எழுபத்துநான்கு வயது, சைக்கிளில் வந்து இறங்குவார். இக்கிகாய் என்றால் காலையில் எழும்புவதற்கு உனக்கென்று இருக்கும் காரணம், அது உள்ளவருக்கு வயது பாரமில்லை என்றார். வயிறு எண்பது வீதம் நிறைந்ததும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட வேண்டும் என்றார். அதைக் கேள்விப்பட்ட பத்மாவதி, “எண்பது வீதத்துக்கு எந்த அகப்பையாலை அளக்கிறது எண்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ” என்றாள்.

மூன்றாம் வகுப்பில் கெய்கோ நட்பைப் பற்றிச் சொன்னார். தன் ஊரில் ஐந்தாறு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, சாகும்வரை ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் விசாரித்துக்கொண்டே இருப்பார்களாம். பிறகு வீட்டுவேலை கொடுத்தார். இந்தக் கிழமை ஒவ்வொருவரும் ஐந்து நண்பர்களுக்கு அழைக்கவேண்டும், சும்மா கதைப்பதற்கு. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். குணரத்தினம் உள்ளுக்குள் சிரித்தார். ஐந்து அழைப்பா! இருநூறு வீட்டு நம்பர் அவருக்கு மனப்பாடம்.

ஆனைக்கும் அடி சறுக்கும்.

முதல் அழைப்பு ஹென்டர்சனில் இருக்கும் சுந்தரிக்குப் போனது. சுந்தரி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஆறு வருடத்துக்கு முன் புருசனை இழந்தவள், அந்தக் காரியத்தையும் முன்நின்று நடத்தியவர் குணரத்தினம்தான். சும்மா கதைப்பதை எப்படித் தொடங்குவது என்று அவர் யோசித்திருக்கவில்லை. வாய் தன் பழக்கப்படி தொடங்கியது.

“நான் குணரத்தினம் கதைக்கிறன்.”

பழக்கப்படி ஒரு மூச்சும் விட்டார்.

மறுபக்கத்தில் “ஐயோ, அம்மா!” என்று ஒரு குரல். போன் விழுந்த சத்தம் கேட்டது. சுந்தரியின் தாய் மானிப்பாயில் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பது குணரத்தினத்துக்குத் தெரியாது. அவர் மறுபடியும் மறுபடியும் எடுத்தார். இணைப்பு பிஸி. அதற்குள் சுந்தரி ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்குச் சொல்லி, தம்பி அங்கே குளறி அழத் தொடங்கி, யாரோ ஊருக்கு எடுத்துக் கேட்க, தாய்க்காரியே போனை வாங்கி, “நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன், ஆரடா செத்தது?” என்று கேட்டிருக்கிறாள்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி” என்று பத்மாவதி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று பின்னேரமே இருவரும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஹென்டர்சனுக்குப் போனார்கள். சாவில்லாத நாளில் தன்னோடு கதைக்க ஒரு ஆளாவது இருக்கிறதா என்ற கேள்வி போகும் வழியில்தான் குணரத்தினத்துக்கு முதல்முறையாக வந்தது. வந்த கேள்வி அவரைப் பயப்படுத்தியது.

சுந்தரி கதவைத் திறந்ததும் ஏசினாள். பத்து நிமிடம் நன்றாக ஏசினாள். பிறகு தன் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“பாருங்கோ அண்ணை, உங்கட நம்பரை என்னெண்டு போட்டு வச்சிருக்கிறன் எண்டு.”

திரையில் ‘செத்தவீடு’ என்றிருந்தது. பெயர்கூட இல்லை.

“பிழை பிள்ளை. சும்மா கதைக்கத்தான் எடுத்தனான்” என்றார்.

“சும்மாவோ? இவர் செத்தப்ப நாலு நாள் இந்த வீட்டிலை நிண்டனீங்கள். ஐயரைப் பிடிச்சது, பெட்டி எடுத்தது, எல்லாம் நீங்கள். இல்லையெண்டு சொல்லேல்லை. முப்பத்தோராம் நாள் சாப்பிட்டிட்டுப் போனீங்கள். அதுக்குப் பிறகு ஆறு வருசம். ஒருநாள் எடுத்து ‘சுந்தரி, இருக்கிறியோ’ எண்டு கேட்டனீங்களோ? நீங்கள் எடுத்தா ஆரோ செத்திருக்கும். எடுக்காட்டி நான் செத்துப்போனனோ எண்டு பாக்க ஆளில்லை.”

சுந்தரி தேத்தண்ணி போட்டாள், எல்லோரும் குடித்தார்கள். தாயின் இடுப்பைப் பற்றிப் பத்மாவதிதான் கேட்டாள். திரும்பி வரும்போது கார் மோட்டர்வேயில் ஏறியதும் அவர், “அவ சொன்னது உண்மைதான்” என்றார். “இப்பதானோ தெரியும்?” என்றாள் பத்மாவதி.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர் மீண்டும் போனைக் கையில் எடுத்தார். இம்முறை தொடக்க வசனத்தை யோசித்து வைத்திருந்தார்.

“ஒருத்தரும் சாகேல்லை. நான் குணரத்தினம்.”

ஒரு நாளைக்கு ஒரு வீடு. தான் காரியம் நடத்திக்கொடுத்த வீடுகள்தான். அந்த வசனத்துக்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், “என்ன சமையல்?” என்று கேட்பார். சனம் நம்பவில்லை. ஒருவர், சங்கத் தேர்தலில் நிற்கிறீர்களா என்று கேட்டார். இன்னொரு அம்மா, தனக்குக் காப்புறுதி ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிடப் பார்த்தாள். கராஜ் வைத்திருக்கும் பார்த்தீபன் எல்லோரையும் தாண்டிவிட்டான். குணரத்தினத்துக்குப் பொல்லாத நோய் வந்துவிட்டது, எல்லோரிடமும் விடைபெறுகிறார் என்று முடிவுகட்டி, எண்ணெய் படிந்த உடுப்போடு ஒரு பை அப்பிள் கொண்டுவந்து, கதிரை நுனியில் இருந்து கண்ணைத் துடைத்தான்.

“எனக்காவது மறைக்காமல் சொல்லுங்கோ அண்ணை. எத்தினை மாதமாம்?”

“டேய், எனக்கு ஒண்டும் இல்லையடா!”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

அவனை நம்பவைக்க மத்தியானம் ஆனது. சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். போகும்போது மாமியாரின் விசா இழுபடும் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

புதன்கிழமை கெய்கோ வீட்டுவேலையைப் பற்றிக் கேட்டார். குணரத்தினம் தன் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். வகுப்பு சிரித்தது, கெய்கோ சிரிக்கவில்லை. இப்படி அழைப்பது பிடித்திருக்கிறதா என்று கேட்டார். “தெரியாது” என்றார் குணரத்தினம். “ஆனால் இன்று ஐந்து மணிக்கு விழித்தபோது, பார்த்தீபனின் மாமியாருக்கு விசா வந்ததா என்று அறிய அவசரமாக இருந்தது. அதனால் எழும்பிவிட்டேன்.” கெய்கோ தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஆனி, ஆடி போனது. குளிர் விடவில்லை, அவரும் விடவில்லை. மாமியாருக்கு விசா கிடைத்தது. மானிப்பாய்த் தாய் தடி பிடித்து நடக்கத் தொடங்கினாள். இதற்கிடையில் இரண்டு சாவும் விழுந்தன. திலக்சன் சொன்னான், கொஞ்சம் பிழையாகத்தான் சொன்னான், குணரத்தினம் போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தார். சுந்தரிக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு தரம் எடுத்தார். அவள் முதல் மணியிலேயே பதறி எடுப்பாள். “சொல்லுங்கோ அண்ணை” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருத்தரும் சாகவில்லை என்று கேட்ட பிறகுதான் அந்த மூச்சை விடுவாள். ஒவ்வொரு முறையும் அது அவருக்குக் கேட்கும், ஒவ்வொரு முறையும் அவருக்கு வெட்கமாக இருக்கும். இருபத்தைந்து வருடத்துப் பயத்தை இரண்டு மாதத்தில் கழுவ முடியாது என்று தன்னையே தேற்றிக்கொள்வார்.

ஆவணி தொடங்கி ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்குச் சுந்தரிக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது மணிக்குத்தான் எடுத்தாள்.

“ஒருத்தரும்…” என்று அவர் தொடங்கினார்.

“ஐயோ அண்ணை, மீன் கறி அடிப்பிடிக்குது. பிறகு எடுக்கிறன், வையுங்கோ.”

பட்டென்று வைத்துவிட்டாள்.

குணரத்தினம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அவருடைய அழைப்பை அதுவரை ஒருவரும் இப்படிப் பயமில்லாமல் வெட்டியதில்லை.

“ஆர்? என்னவாம்?” என்று பத்மாவதி குசினியிலிருந்து கேட்டாள்.

“சுந்தரி. கறி அடுப்பிலையாம். போனை வச்சிட்டா.” சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் எடுத்த போனை வச்சிட்டா, பத்மா!”