கடலுக்கே போகாதவர்

இராமநாதபுரத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் லேப்பில் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். எழுபது மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் எழுபது பங்கு. அன்று சாயங்காலம் பாம்பன் பஸ்ஸில் வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முடி, அப்பாவின் மீசை முடி, பக்கத்து வீட்டு ஆட்டு முடி என்று எல்லாவற்றையும் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுநாள் அளக்கவேண்டுமே!

"ஆட்டு மசுர அளந்து என்னத்தா செய்யப்போற?" என்றார் அப்பா.

"சும்மாதான்ப்பா."

"சும்மா அளக்குறதுக்கா தெனமும் பஸ் ஏறிப் போற? அப்ப இந்தா, மீசைல இன்னொண்ணும் புடுங்கிக்க."

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் பள்ளியில் படித்த காலத்தில், எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்று அவரையும் கூடப் போனவர்களையும் இலங்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தார்கள். சில மாதம் கழித்துத்தான் விடுதலை செய்தார்கள். எங்கள் கரையில் இது ஒளித்து வைக்கிற சங்கதியில்லை. எந்தத் தெருவிலும் அப்படிப் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார். திரும்பி வருகிறவருக்கு மாலை போடுவோம், கோயிலில் பூசை வைப்போம். அதற்குப் பிறகு அவர் கதை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடமாட்டார்கள்.

அப்பாவின் கதை கரையிலேயே பேர்போனது. சிறைக்குள் ஒரு வாலிபால் வலை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவரால் முடியவில்லை. குச்சியைச் சீவி ஊசியாக்கி, அரிசிச் சாக்கிலிருந்து நூலை உருவி, வலை முழுவதையும் பின்னிக் கொடுத்துவிட்டார், மீன் வலைக்கு உண்டான சின்னக் கண்ணில். "காத்துகூட அதுக்குள்ள பூராது. காவக்காரன் வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறான். நான் கையால காட்டுனேன், எல்லாம் சரிதான், மீன் மட்டும்தான் இல்லன்னு!" இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். அவர் பிடிபட்டுத் திரும்பிய அன்று மாலையோடு எடுத்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்கு அடுத்து மாட்டியிருந்தது.

படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதலில் பிசிறு நீக்கும் வேலை. கடைந்து வந்த பாகங்களின் ஓரத்தில் நிற்கிற கூரான பிசிறை அரத்தால் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு கம்ப்யூட்டர் சொன்னபடி கடைகிற சிஎன்சி லேத். பிறகு அந்த மெஷினுக்கு முனையும் அளவும் பொருத்தித் தருகிற செட்டிங். வெட்டும் முனை மழுங்கத் தொடங்கினால் திரையில் தெரிவதற்கு முன்பே எனக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும். நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவேன். "இந்தப் புள்ளை எதுக்கு ஓடிட்டே இருக்குது?" என்பார் சூப்பர்வைசர். நடந்துபோனால் நேரம் வீணாகுமே!

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரிவு இருந்தது. ராணுவத்துக்குப் போகிற பாகங்கள் அங்கேதான். எப்போதும் இருபது டிகிரி குளிர். போனை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வரைபடத்தில் அளவு இருக்கும், அந்தப் பாகம் எதற்கு என்பது இருக்காது. நடுவில் ஐந்து அச்சில் சுழல்கிற மெஷின். டைட்டானியம் உருண்டையை அது எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் குடைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றதில் எத்தனையோ நாள் என் டீ ஆறிப்போயிருக்கிறது. அதில் ஐந்து மைக்ரான் கூடினாலும் பாகம் குப்பைக்குத்தான். என் ஒரு முடியைப் பதினாலாகப் பிளந்தால் வருகிற கனம். வாழ்ந்தால் அந்தக் கதவுக்குள்தான் வாழவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மெஷினுக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சூப்பர்வைசர் ஒரு நாள் கூப்பிட்டார். "கண்ணு, அடுத்த மாசம் உள்ள வந்துரு. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் முடியோணும். அது சும்மா ஒரு சடங்குதான்."

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். போனில் கரையின் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலைப் பார்த்து அவர் கத்தினார்: "ஏலே, எம் மக பட்டாளத்துக்குச் சாமான் செய்யப்போறாடா!"

சில நாளில் அவரே கூப்பிட்டார். "போலீசு வந்துட்டுப் போனாரு ஆத்தா. ஏட்டு. தங்கமான மனுசன். அம்மா நண்டுக் கொழம்பு ஊத்திச் சோறு போட்டா. செவத்துல போட்டோவப் பாத்துட்டு என்னண்ணே மாலையும் கழுத்துமாண்டு கேட்டாரு. கதைய எடுத்து விட்டேன். வாலிபால் வலைய ரெண்டு தடவ சொல்லச் சொல்லிச் சிரிக்கிறாரு!"

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும், படித்த எனக்கும்கூட, அதில் ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டோம், கதை சொன்னோம். வேறென்ன செய்வோம்?

அந்த அடுத்த மாதம் வந்தது. கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பா வெளிநாட்டு ஜெயில்ல இருந்திருக்காருன்னு குறிப்பு வந்திருக்குது. உங்க பக்கம் அது சகஜம்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா மேல இருக்கறவங்க ரிஸ்க் எடுக்க மாட்டாங்க."

என் வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு உண்டு, இவ்வளவு தாண்டலாம், இவ்வளவு தாண்டக்கூடாது என்று. அப்பாவின் கடலில் யாரும் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வந்து ஷிஃப்டை முடித்தேன்.

அப்பாவிடம் இடம் காலியில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மாதா மேல் ஆணை வாங்கினேன். ஆனால் எங்கள் வீடு ஒற்றை அறையும் அடுப்படியும். அம்மா தனியாக அழுவதற்கு அங்கே இடமேது? அப்பா கேட்டிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறாள்.

அப்போது அது எனக்குத் தெரியாது. நான் அடுத்த வேலைக்கு அலைய ஆரம்பித்திருந்தேன். திருச்சியில் இதே மாதிரி வேலை, இதே மாதிரி மெஷின். எழுத்துத் தேர்வு, பிறகு கையில் ஒரு பாகத்தைக் கொடுத்துக் கடையச் சொன்னார்கள். அளந்து பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். வெரிஃபிகேஷன் முடிந்ததும் சேரலாம் என்றார்கள். போலீஸ் வரப்போகிற நாள் தெரிந்ததும் வீட்டுக்குப் போனில் சொல்லியிருந்தேன். இந்த முறை அப்பாவிடம் எப்படியாவது பேசி, கதையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்தது. மூலையில் குவிந்து கிடக்கும் வலை இல்லை. கொடியில் மிதவை இல்லை. மாதா படத்துக்கு அடுத்து போட்டோ இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார். கல்யாண வீட்டுக்குக்கூட அவர் அப்படிப் போட்டதில்லை.

"என்னப்பா இது?"

"நீ சும்மா இரு தாயி. நான் பாத்துக்கறேன்."

வாசலில் பைக் வந்து நின்றது. அதே ஏட்டு. கூடவே புதிதாக ஒரு போலீஸ்காரர். ஏட்டு செருப்பைக் கழற்றும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "வாய்யா உள்ள. இந்த அண்ணன்ட்ட ஒரு கதை இருக்கு. கேட்டா வயிறு புண்ணாயிரும். அண்ணே, அந்த வாலிபால் வலைய இவனுக்கு ஒருதடவ சொல்லுங்க."

அப்பா எழுந்து நின்றார். வெள்ளைச் சதுரத்தைத் தன் முதுகால் மறைக்கிற மாதிரி நின்றார்.

"எந்தக் கதை சார்? நமக்குக் கருவாட்டு யாவாரம். நான் கடலுக்கே போனதில்ல."

ஏட்டு முதலில் அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "கடல்னாலே எனக்குப் பயம் சார். தல சுத்திரும்" என்றார். சட்டை கையை மணிக்கட்டு வரை மறைத்தது. உப்பிலும் கயிற்றிலும் வெடித்துக் கறுத்த விரல்களை எந்தச் சட்டை மறைக்கும்? அவர் கைகளை ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மா அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, பழைய ரிப்போர்ட்டு ஸ்டேசன்லதான இருக்கு. நான்தான எழுதுனேன்."

"அது வேற ஆளா இருக்கும் சார்."

"இப்ப என்னண்ணே எழுதட்டும்?"

என்னால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை. "மீனவர்னு எழுதுங்க சார். என்ன நடந்துச்சோ அதையே எழுதுங்க" என்றேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. கயிறு கைநழுவிப் போய்விட்டது, இனி எட்டாது என்று தெரிந்தவர் தண்ணீரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இருவரும் டீகூடக் குடிக்காமல் எழுந்தார்கள். வாசல் வரை போன ஏட்டு திரும்பி, "எம் புள்ளையா இருந்தாலும் இதத்தான் எழுதணும்மா" என்றார். சில வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம் என்பதோடு தொடங்கியதால் மேலே படிக்கவில்லை.

இப்போது தண்ணீர் பம்புக்கான ஷாஃப்ட் கடைகிறேன், அதே கோயம்புத்தூரில், வேறொரு இடத்தில். நல்ல வேலைதான். இருபது மைக்ரான் அப்படி இப்படி இருந்தாலும் ஓடும். நான் ஐந்துக்குள்ளேயே வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை, கை கேட்கிறது.

போன ஈஸ்டர் பாஸ்கு விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வலை மூலைக்குத் திரும்பியிருந்தது. போட்டோ திரும்பவில்லை. அப்பா கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். கரையில் இளவட்டங்கள், "மாமா, அந்த வாலிபால் வலையச் சொல்லுங்க" என்றால் எழுந்து போய்விடுகிறாராம். அம்மா சொன்னாள்.

மதியம் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் உட்கார்ந்தேன். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

"அப்பா, அந்த ஜெயில் வலை கதையச் சொல்லுங்கப்பா. யாரும் இல்ல. எனக்கு மட்டும்."

ஊசி கண்ணுக்குள் போய் வந்தது. முடிச்சை இறுக்கினார்.

"எந்த வலை ஆத்தா?" என்றார். "ஒனக்கு எத்தன மணிக்கு ரயிலு?"