கோச்சுக்கு எழுதிய நன்றிக் கடிதம்

கையால் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். எழுத்துகள் மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னிக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன்; அறுபத்தெட்டு வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

பள்ளியில் எனக்கு ரக்பி சொல்லிக்கொடுத்த கோச்சை இன்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். வாய்விட்டு நன்றி சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தேன். கொடுத்துவிட்டு ஓடிவிடுவதுதான் திட்டம்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் இங்கிலீஷ் ஸ்கூல் லா. தமிழ் படிக்கத் தெரியாது. நீயே படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"சத்தமா படி, மேன்!" என்று அதட்டினார்.

'குள்ளமான என்னிடம் திறமையைக் கண்டு அணியில் சேர்த்தீர்கள்' என்ற வரி வந்ததும் சிரித்துவிட்டார்.

"திறமையா? அன்னிக்குப் பதினாலு பேருதான் வந்தாங்க. ஒரு ஆள் கொறைஞ்சது."

என் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அடுத்த வாரம் ஏன் கோச் என்னைத் திருப்பி அனுப்பல?"

"முதல் ஆட்டத்துல அவ்ளோ அடி வாங்குனவன் திரும்பி வருவான்னு யாரும் நினைக்கல. நீ எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னே. எப்படிடா அனுப்புறது?"

பயந்தபடியே அழுதேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் இன்னொண்ணு எழுதிட்டு வா. இதைவிட வேகமா படிக்கணும்."

எழுதத்தான் போகிறேன். ஆனால் இருந்த நன்றியையெல்லாம் முதல் கடிதத்திலேயே கொட்டிவிட்டேன். இந்தக் குழுவில் அவருடைய பழைய ஆட்டக்காரர்கள் யாராவது இருந்தால், அவர் செய்த நல்லது இரண்டை நினைவுபடுத்துங்கள். இல்லையென்றால் அவர் திட்டியதைத்தான் எழுத வேண்டும். அது பத்துப் பக்கம் வரும்.