ஆறு மணிப் படங்கள்

மடிக்கணினியின் விசிறி உறுமத் தொடங்கினால் போதும், நான் கிள்ளானுக்குப் போய்விடுவேன். உடம்பு இங்கேதான் இருக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் இந்த அறையில். உள்ளங்கை அகலம்கூட இல்லாத விசிறி. உள்ளே ஏதோ கொதிக்கிறது, கொதிக்கிறது என்று முனகிக்கொண்டே சுற்றும். அந்தச் சத்தத்துக்குள் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது, பூப்போட்ட பிளாஸ்டிக் விரித்த மேசை இருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் என் அக்கா இருக்கிறாள்.

அக்கா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. தனியாள். விடிகாலை ஆறு மணிக்கு எங்கள் திருச்சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். அது அவள் போடுவது. மற்றவர்கள் எங்கிருந்தோ வந்த ரோஜாவை எங்கோ தள்ளிவிடுகிறவர்கள். அவள் அப்படியில்லை. டேப்லெட் திரையில் விரலால் வரைவாள். ஒரே புறாவை இறக்கை மேலே, இறக்கை நடுவில், இறக்கை கீழே என்று திரும்பத் திரும்ப வரைந்து, வரிசையாக ஓடவிடுவாள். புறா பறக்கும். மெழுகுவத்தியில் தீ ஆடும். கீழே ஒரு வசனம், அதற்கும் கீழே காலை வணக்கம். காய்ச்சலில் கிடந்த நாளிலும் படம் வந்திருக்கிறது.

அந்த டேப்பில்தான் இடம் தீர்ந்துபோனது. போன் செய்தாள்.

"மெமரி ஃபுல்லுன்னு கத்துதுடா. ஏதாச்சும் செய்."

"பழசெல்லாம் அழிச்சிடுக்கா."

"நீ எழுதுற கவிதைய நீ அழிப்பியா?"

"என் கவிதைய யாருக்கா படிக்கிறா?"

"அதான் சொல்றேன். என்னோடத சபையே பாக்குது லா."

அடுத்தவர்களின் இணையதளங்களுக்குப் படங்களின் எடையைக் குறைத்துக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பாதி. சனிக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிளம்பினேன். கதவைத் திறந்தவள் என் காதைப் பார்த்துச் சிரித்தாள். சில மாதங்களாகவே அப்படித்தான்; பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பாள். வயசாக ஆகக் கூச்சம் வருகிறது போல என்று நினைத்திருந்தேன்.

"இளைச்சிட்ட. சாப்பிடுறியா இல்ல நெலாவப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கியா?"

"கோலாலம்பூர்ல நெலாவுக்கு எங்க எடம், எல்லாம் கொண்டோ கட்டடம்தான்."

பாலில்லாத தே ஓ கலக்க அடுக்களைக்குப் போனாள். நான் டேப்பிலிருந்த படங்களையெல்லாம் என் மடிக்கணினிக்கு இழுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பழைய படங்களில் எழுத்து அரிசிமணி போல இருந்தது. புதிதாக வரவர எழுத்து பருத்தது, நிறங்கள் கத்தின. கடைசியாகச் செய்த மெழுகுவத்தியில் தீ திரியில் இல்லை. ஒரு விரல் தள்ளி, காற்றில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் படம் குழுவில் வந்த காலையில், சபையில் முன்வரிசைக்காரரான ஓர் அங்கிள், "சிஸ்டர், தீக்கு இன்னிக்கு லீவா?" என்று எழுதியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டாள்.

அடுக்களையைத் திரும்பிப் பார்த்தேன். குவளையின் விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணீரை ஊற்றினாள். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். பார்த்தேன். பார்த்ததோடு சரி.

குவளையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கருப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டினேன்.

"என்னடா இது, பேங்க்க கொள்ளையடிக்கப் போறியா?"

"உன் புறாவ இளைக்க வைக்கப் போறேன்."

சொன்னேன், அவளுக்குப் புரிகிற மாதிரி. அவள் படங்களெல்லாம் ஜிஃப் என்ற பழைய வகை. புறா ஒருமுறை இறக்கை அடிக்க, அவளுடைய ஆப் வானத்தையும் முழுசாக இன்னொரு முறை சுமக்கிறது. நான் மாற்றப்போவது வெப்பி என்ற புதிய வகை. அது அசைந்ததை மட்டும் எழுதிக்கொள்ளும், அசையாததை விட்டுவிடும். இன்னும் இளைக்க வேண்டுமென்றால், கண் கவனிக்காத சின்னச் சின்ன நுணுக்கங்களையும் உதறிவிடும். எவ்வளவு உதறலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. எண் இறங்க இறங்கப் படம் மெலியும், முகம் கெடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பார்க்கிற கண்தான் சொல்லவேண்டும்.

புறாவை முதலில் எடுத்தேன். எண்பதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, பத்தில் ஒன்று. மூன்றையும் திரையில் பக்கம் பக்கமாகப் பறக்கவிட்டேன். பத்தில் வானம் திட்டுத்திட்டாகக் கிடந்தது. இறக்கை கஞ்சி போலக் குழைந்திருந்தது.

"எது நல்லாருக்கு?"

"மூணும் ஒண்ணுதான்டா."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே எண்ணைப் பூஜ்யத்துக்கு இறக்கி இன்னொன்று செய்து, அதையும் பக்கத்தில் வைத்தேன். அதைப் புறா என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளையாக ஏதோ நடுங்கியது, அவ்வளவுதான்.

அக்கா தலையைச் சாய்த்தாள். கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால், திரைக்கு மூக்கு படுமளவு கிட்டே வந்து, நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு அதன்மேலேயே விரலை வைத்தாள்.

"இதான் தெளிவா இருக்கு. இதையே வச்சிடு."

எது நல்லாருக்கு, இதுவா அதுவா. நான் வாடிக்கையாளர்களிடம் அன்றாடம் கேட்கிற கேள்வி. கண் டாக்டர்களும் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அந்த மேசையில் நான் யாராக உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, புறா வாயில என்ன இருக்கு?"

"இலை. நான்தானே வரைஞ்சேன், எனக்குத் தெரியாதா?"

"நீ வரைஞ்சதக் கேக்கல. இதுல தெரியுதா?"

அவள் விரல் தொட்டுக்கொண்டிருந்த படத்தில் இலை இல்லை. எப்போதோ உதிர்ந்துவிட்டது. அக்கா விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்துக்கா?"

"கிறிஸ்மஸ் படம் செய்யும்போதே. நடுவுல யாரோ எச்சி தொட்டு அழிச்ச மாதிரி. ஓரம்லாம் தெரியுது. நடுவுலதான்."

"டாக்டர்?"

"சக்கர வியாதிதான், வேற என்ன. கண்ணுக்குள்ளயே ஊசி போட்டாங்க. இன்னும் போடணுமாம். இருக்குறதக் காப்பாத்திக்கலாம், போனது போனதுதான்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவ? படம் போடாதக்கா, கண்ணுக்கு ரெஸ்ட் குடுன்னு சொல்லுவ. சபையில எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்க, பாவம்னுவாங்க. அப்புறம் ஆறு மணிக்கு நான் எதுக்குடா எந்திரிக்கணும்?"

தே ஓவைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாள், எனக்கு மட்டும்.

"எதுவும் போகாம செய்ய முடியாதா?" என்று அவளே கேட்டாள்.

"முடியும். ஒரு புள்ளிகூட விடாம மாத்துற வழி இருக்கு. ஆனா அவ்வளவு இளைக்காது. இந்த டேப் தாங்காது."

மேசை விரிப்பைக் கையால் நீவினாள். நீவின இடத்தையே மறுபடி நீவினாள்.

"அப்ப டேப்ல எதுக்கு? நீ எடுத்துட்டுப் போ. ஒண்ணும் விடாம மாத்தி நீ வச்சுக்க. எனக்கு எதுல என்ன இருக்குன்னு தெரியும்."

எதையும் இழக்காத கட்டளையைத் தட்டினேன். எத்தனையோ முறை தட்டிய வரிதான். கோப்புறை முழுக்க ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது, விசிறி சூடேறி உறும ஆரம்பித்தது. முடிந்த கோப்பின் பெயர் திரையில் ஏறிக்கொண்டே போனது.

"இப்ப எது ஓடுது?"

"லில்லி."

"ஈஸ்டர். மூணு மொட்டு, கடைசி மொட்டு விரியாது. சரியா?"

"சரி. இப்ப கப்பல்."

"ஆபீஸ் ஜன்னல்லேருந்து பாத்தது. பாஸ் டீ குடிக்கப் போயிருந்தாரு. பொக பின்னாடி போவும். அடுத்து?"

நான் பெயரை வாசித்தேன். அவள் விசிறிச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, எந்த இலை எந்தப் பக்கம் ஆடும், எந்த நட்சத்திரம் எப்போது மின்னும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றைக்கூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. வெளியே மழை வந்து போனது. விளக்கைப் போட நான்தான் எழுந்தேன்.

வேலை முடிந்தது. டேப்பை அவளிடம் காலியாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். கிரில் கதவுவரை வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதுப் பக்கம் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் என் முகம் அவளுக்குத் தெரியும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் அசையாமல் நின்றேன்.

"காலைல ஆறு மணிக்கு நீ அனுப்பு. என் போன இந்தா, எடுத்துட்டுப் போ. வீட்டு போன் இருக்கு எனக்கு. யார்கிட்டயும் சொல்லாத, நான்தான்னு நெனச்சுக்கட்டும்."

"எத அனுப்பறது?"

"நாளைக்கு என்ன, ஞாயித்துக்கெழமையா? மெழுகுவத்தி போடு."

"சரிக்கா."

படியில் இறங்கத் தொடங்கிவிட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"டேய், பழசா பாத்துப் போடு. தீ திரியில இருக்குற மாதிரி."