திரும்பி வந்த நீல மண்வெட்டி

எனக்கும் கிண்ணியாவில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் இருவரும் அவரவர் வீட்டில் இருந்தபடி கணினியில் மண் தோண்டுவோம். கட்டை கட்டையாக உலகம் கட்டும் ஒரு விளையாட்டு அது. நடுவில் உள்ள கடல்கழியைப் படகில் கடக்கவேண்டியிருந்த காலத்தில் கிண்ணியாவுக்கு அடிக்கடி போவேன். பாலம் வந்த பிறகு, நினைத்த நேரம் போகலாம்தானே என்று போவதே இல்லை. மிஞ்சியிருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான். எனக்கு வேறு சிநேகிதரும் கிடையாது; என் வாய் அப்படி.

அந்த விளையாட்டுக்குள் நாமே புதுப் பொருள்கள் செய்து சேர்க்கலாம். நான் நம் ஊர் மண்வெட்டி, அலவாங்கு, அரிவாள் எல்லாம் செய்து சேர்த்தேன். அவன் அவற்றை இரவல் வாங்குவான். திருப்பித் தரமாட்டான். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உன்ர கைக்குப் போன சாமான் எண்டைக்காவது திரும்பி வந்திருக்கோ?"

அவன் சிரித்தான். நானும் அதை அப்படியே மறந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்து ஒரு மந்திரம் எழுதினேன்; அந்த விளையாட்டில் கருவிகள்மேல் ஏற்றும் கட்டளைக்கு அப்படித்தான் பெயர். இரவல் வாங்கியவர் விளையாட்டை விட்டு வெளியேறியதும் கருவி தானாக என் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். மந்திரம் விளையாட்டோடு வந்த கருவிகளில் ஏறியது, நான் செய்தவற்றில் ஏறவில்லை. ஒவ்வொன்றின் பெயரையும் மந்திரத்துக்குள் எழுதிப் பார்த்து அலுத்துப்போனேன். பிறகுதான் வழி தெரிந்தது. கருவிகளின் பெயர்களையெல்லாம் தனிக் கோப்பில் ஒரு குழுவாக எழுதிவைத்து, அந்தக் குழுவுக்கு மந்திரம் செல்லும் என்று சொன்னால் போதும். இனிப் புதிதாக எது செய்தாலும் அதில் ஒரு வரி சேர்த்தால் சரி. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கள்ளனைப் பிடிக்கப்போகிறவன் சொல்லிவிட்டா போவான்?

அடுத்த சனிக்கிழமை அவன் இரவல் கேட்கவில்லை. வெறுங்கையால் மண் தோண்டினான். அந்த விளையாட்டில் அப்படியும் தோண்டலாம், ஒரு கிணற்றுக்கு அரை நாள் ஆகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. அவனுக்கென்றே நீலப் பிடி போட்ட மண்வெட்டி ஒன்று செய்து, "இது உனக்குத்தான்" என்று கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வராது. அவன் வாங்கிக்கொண்டு அன்று முழுக்க அதனால் வெட்டினான்.

மறுநாள் பார்த்தால் மண்வெட்டி என் பெட்டிக்குள் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

"என்ர முகத்தில எறிஞ்சுபோட்டுப் போயிருக்கிறான்" என்று மனைவியிடம் கத்தினேன்.

"ஒருக்கா போன் எடுத்துக் கேக்க ஏலாதோ உங்களுக்கு?"

"அவன் எடுக்கட்டும்."

அவன் எடுக்கவில்லை. ஆத்திரத்தில் அந்த மண்வெட்டியை அடியோடு அழித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கோப்புகளுக்குள் அதன் பெயரைத் தேடினேன். ஓரிடத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன், இரண்டு இடத்தில் வந்தது. இரண்டாவது, மந்திரம் செல்லும் அந்தக் குழுவின் கடைசி வரி. பழக்கதோஷத்தில் நானே சேர்த்தது.

அவன் எறியவில்லை. அவன் வெளியேறியதும் நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போனேன். கொடுத்ததைப் பறித்தவன் என்று வாசலிலேயே ஏசப்போகிறான், ஏசட்டும் என்று போனேன். அவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தான். நான் வாய் திறக்க முதல் அவனே தொடங்கினான்.

"மச்சான், கோவிக்காத. நீ தந்த மண்வெட்டிய நான் எங்கயோ தொலச்சிட்டன். நீ இல்லாத நேரமாப் பாத்து வந்து எல்லா இடமும் தேடின. கிடைக்கல்ல. நீ சொன்னது சரிதான், என்ட கைக்கு வந்தா உருப்படாது. எந்த முகத்தோட உன்னப் பாக்கிறண்டுதான் வரல்ல."

மந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்று உள்ளபடியே ஆசைப்பட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நான் தொலைக்கல்லயா மச்சான்?"